முப்பத்தி நாலு மார்க் வாங்குவது எப்படி

நூறு மார்க் வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முப்பத்தைந்து வாங்கித் தப்பிப்பது எப்படி என்று சொல்லவும் ஆள் உண்டு. சரியாக முப்பத்தி நாலு வாங்குவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நான் கொஞ்ச காலம் திமிராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்தேன். அப்போது பதினொன்றுதான் எஸ்.எஸ்.எல்.சி. வீடு ஓடைப்பட்டியில், அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பள்ளியில் கணக்கென்றால் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடக்கமாகச் சொல்லியும் இனிமேல் யாரும் எனக்கு ஒன்றும் தரப் போவதில்லை.

எங்கள் கணக்கு டீச்சர் குமுளிப் பக்கம். நம்மைப் போலத்தான் தமிழ் பேசுவார். ஆனால் கோபம் வந்துவிட்டால் 'மோளே' என்று ஆரம்பிப்பார். மலையாளத்தில் மகளே என்றுதான் அதற்கு அர்த்தமாம். அதைக் கேட்டதுமே நாங்கள் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வோம்.

பொதுத் தேர்வு நெருங்கியதும் டீச்சர் சனிக்கிழமை காலைகளில் டவுட் கிளாஸ் வைத்தார். பாடம் கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். வகுப்பு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். கணக்கில் ஒருத்திக்கும் சந்தேகமே கிடையாது என்பதை அந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அவர்களுடைய சந்தேகமெல்லாம் பரீட்சையைப் பற்றித்தான்.

"டீச்சர், இந்தத் தேற்றம் வருமா?" இதுதான் எப்போதும் முதல் கேள்வி. என்னவோ கேள்வித்தாளை டீச்சர் முந்தானையில் முடிந்து வைத்திருப்பது போலக் கேட்பார்கள். வரும் என்றால் முகம் வாடும். வராது என்றால், "போன வருசம் வந்துச்சே டீச்சர்?" என்பார்கள். அடுத்தவள் எழுந்து, லாகரிதம் டேபிளை அங்கனயே தருவாகளா, நாம கொண்டு போகணுமா என்பாள். தருவார்கள் என்று டீச்சர் சொன்ன பிறகு, "கிழிஞ்சதைக் குடுத்துட்டாகன்னா?" என்பாள். டேபிளைப் பார்க்கத் தெரியுமா என்று டீச்சர் கேட்டால் தலை குனிந்துவிடும்.

ஒருத்தி, வட்டம் வரையும்போது காம்பஸ் குத்திப் பேப்பரில் ஓட்டை விழுந்தால் மார்க் குறைப்பார்களா என்று கேட்டாள். இன்னொருத்தி, ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போட்டு வைத்தால், எது சரியோ அதைத் திருத்துகிறவர்களே எடுத்துக்கொள்வார்களா என்றாள். திருத்துகிறவர் என்ன, சந்தையில் கத்தரிக்காயா பொறுக்குகிறார்? கடைசி பெஞ்சில் ஒரு மகராசி எழுந்து, "முக்கோணத்துல மூணு கோணத்தையும் கூட்டினா நூத்தி எண்பதுன்னு எல்லாருக்கும் தெரியும்ல டீச்சர், அப்புறம் எதுக்கு அதை நிரூபிக்கச் சொல்றாக? நம்ப மாட்டாகளா?" என்று கேட்டாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். எனக்கே அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பன்பட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனாலும் சாமியிடம் ஜெபம் சொல்வாளோ, சந்தேகம் கேட்பாளோ தெரியாது. வாய் ஓயாது. விடை தப்பாகி ஸ்டெப் சரியாக இருந்தால் எவ்வளவு, ஸ்டெப் தப்பாகி விடை சரியாக இருந்தால் எவ்வளவு, இரண்டும் தப்பாகிக் கையெழுத்து நன்றாக இருந்தால் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலை உன்னிப்பாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு உட்காருவாள். கணக்குப் போடுவதைத் தவிரப் பரீட்சைக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவள் கற்று வைத்திருந்தாள்.

நான் ஒரு நாளும் எழுந்து எதுவும் கேட்டதில்லை. எனக்கு டவுட் வராது. டவுட் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் எனக்கு அந்த வகுப்பில் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை ராயப்பன்பட்டிக்காரி எழுந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"டீச்சர், கூட்டிப் பார்க்கையில முப்பத்தி நாலு வந்துருச்சுன்னா என்ன பண்ணுவாக?"

"மாலை போட்டு ஊர்வலம் விடுவாக, மேளத்துக்கு இப்பவே சொல்லிரு" என்றேன் நான்.

வகுப்பே அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு என்னை விட ரசிகை யாரும் கிடையாது என்பதால் நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் டஸ்டரால் மேஜையை அடித்தார். என்னைப் பார்த்து "மோளே" என்றார். பிறகு ராயப்பன்பட்டிக்காரியிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் தெளிந்து உட்கார்ந்தாள். என்ன சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. முப்பத்தி நாலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

அந்த மாசியிலேயே சம்பந்தம் வந்துவிட்டது.

போடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜாரில் ஏலக்காய்க் கடை, மாடி வீடு, இரண்டே பையன்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய அம்மா வந்திருந்தார். வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் ஏலக்காய் வாசனையும் கூடவே வந்தது. என் நிறத்தைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். நடக்கச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனசு. பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"மூத்த மருமக எஸ்.எஸ்.எல்.சி. கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி போட்டோம். பார்த்தவுக எல்லாம் மெச்சினாக. இளையவளுக்கு மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? பிள்ளை பாஸாகட்டும், ஆவணியில வச்சுக்குவோம். பாஸாகலைன்னா தப்பா நெனைக்காதீக, நாங்க வேற எடம் பார்த்துக்கிறோம்."

"எம்பொண்ணு கணக்குல நூறு எடுப்பா" என்றார் அப்பா.

"அம்புட்டெல்லாம் வேண்டாங்க. பாஸ் போதும்."

பதினொரு வருசம் நான் படித்த படிப்பு எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் இருந்ததாம், அதை நிரப்பத்தான்.

எனக்கு மதுரைக்குப் போய்க் கல்லூரியில் பி.யூ.சி. படிக்க ஆசை. கணக்கு எடுத்துப் படித்து, பி.எஸ்.ஸி. முடித்து, எங்கள் டீச்சரைப் போலக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். அதை விட்டு வேறு எதையும் நான் ஆசைப்பட்டதில்லை. அப்பாவிடம் வாய் விட்டுச் சொல்லவும் செய்தேன்.

"படி ஆத்தா, யாரு வேண்டாம்னா? கல்யாணம் முடிச்சு அங்கன போய்ப் படி."

"அப்படிப் படிச்ச ஒருத்தியைக் காட்டுங்கப்பா."

"நீ மொதல் ஆளா இரேன்."

சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாவிடம் போனால், "மாடி வீடுடி" என்றார். மாடியில் என்ன, கல்லூரியா நடக்கிறது?

அழுது பார்த்தேன். பட்டினி கிடந்து பார்த்தேன், பசி தாங்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போடிக்காரர்களுக்கு வேண்டியது பாஸ். பாஸாகாவிட்டால் அவர்களே எழுந்து போய்விடுவார்கள், நான் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. கணக்கில் மட்டும் போய்விட்டால் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அப்போது நூறு எடுத்துவிட்டு, அடுத்த ஜூனில் மதுரை. அதற்குள் போடியில் வேறு எவளாவது அந்த மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் பேப்பரை வெறுமனே மடித்துக் கொடுத்துவிட்டு வர முடியாது. என் பெரியப்பா மகள் கணக்கில் ஒற்றை இலக்கத்தில் வாங்கினாள். "இவளுக்குப் படிப்பு ஏறலை" என்று ஒரே வார்த்தை, மறுநாளிலிருந்து திராட்சைப் பந்தலுக்கடியில் வேலைக்கு நின்றாள். பூஜ்யம் வாங்கினவளை மறுபடி எழுத விட மாட்டார்கள். ஒரு மார்க்கில் போனவளைத்தான், ஐயோ பாவம், கைக்கெட்டினது போச்சே என்று செப்டம்பருக்குப் பணம் கட்டுவார்கள். ஆகவே முப்பத்தி நாலு. அதை விடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவிர, அதற்குக் கீழே வாங்க எனக்கு மானமும் இடம் கொடுக்கவில்லை.

பரீட்சை அன்று ராயப்பன்பட்டிக்காரி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் கோயிலில் எனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். "உனக்கு நூறு, எனக்குப் பாஸ்னு கேட்ருக்கேன்" என்றாள். நான் கேட்க நினைத்தது வேறு என்று அவளிடம் சொல்ல முடியுமா? சரி சரி என்று தலையாட்டினேன்.

கேள்வித்தாள் வந்தது. எல்லாக் கணக்கும் எனக்குத் தெரிந்த கணக்கு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மார்க் போட்டிருந்தது. முப்பத்தி நாலு வருகிற மாதிரிக் கணக்குகளைப் பொறுக்கினேன். போட்டேன், சரிபார்த்தேன், கோடு போட்டு முடித்தேன். நான் போட்ட கணக்கில் அரை மார்க் குறைக்க இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும். மற்றவற்றை ஒரு ஸ்டெப் கூடப் போடாமல் விட்டேன். எங்கேயாவது அரை குறையாகப் போட்டு வைத்தால் அதற்கும் மார்க் விழுந்துவிடும் என்பது ராயப்பன்பட்டிக்காரி தயவில் எனக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நேரம் போகவில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரையச் சொல்லி ஒரு கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தேன். வரைந்தால் அச்சடித்த மாதிரி வரும். கை துறுதுறுவென்று போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ராயப்பன்பட்டிக்காரி அடிஷனல் ஷீட் வாங்குகிறாள், மறுபடி வாங்குகிறாள், எனக்கு அவள் மேல் பொறாமை வந்தது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை! எதை எழுதி அத்தனை தாளையும் நிரப்பினாள் என்று அந்தப் பரமண்டலத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

மேற்பார்வைக்கு வந்த அம்மாள் என்னிடம் வந்து நின்றார். "என்னம்மா, மறந்துபோச்சா? பதட்டப்படாத. சாமியை நெனச்சுக்க, தானா வரும்" என்று தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அந்த அம்மாள் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தொடுகோட்டுக்காகத்தான்.

தேர்வு முடிவு பேப்பரில் வரும். பாஸானவர்களின் எண் மட்டும்தான் அச்சாகும், இல்லாதவர்கள் இல்லை. அன்று காலை நான் பந்தலுக்கடியில் நின்று அழும் முகத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். உதட்டை எவ்வளவு பிதுக்கினால் நம்புவார்கள், அப்பா காலில் விழுந்து செப்டம்பர் என்று எப்போது சொல்ல வேண்டும், எல்லாம் தயார். டீக்கடைக்குப் பேப்பர் பார்க்கப் போன அப்பா வரப்பின் மேல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே கிடையாது.

"ஆத்தா! பாஸாயிட்ட ஆத்தா!"

பழகி வைத்த முகம் தேவைப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். சந்தோசத்தில் அழுகிறாள் என்றார்கள். அம்மா சர்க்கரை கொண்டு வந்து வாயில் போட்டார். அப்பா அந்தக் கையோடு போடிக்கு ஆள் அனுப்பினார்.

அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று மார்க் பட்டியல் வரும் வரை என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போனேன். டீச்சர் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தமிழ், இங்கிலீஷ், சயின்ஸ், சரித்திரம் எல்லாம் எழுபதும் எண்பதும். கணக்கு முப்பத்தைந்து.

"என்ன மோளே இது?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

முப்பத்தி நாலுக்கு எழுதினவளுக்கு முப்பத்தைந்து எப்படி வந்தது? என் கூட்டல் தப்பா? மனசுக்குள் திரும்பத் திரும்பக் கூட்டினேன், முப்பத்தி நாலுதான் வந்தது. டீச்சரிடம், "நான் மறுபடி எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டேன். அந்தப் பள்ளியில் நான் கேட்ட முதல் டவுட் அதுதான்.

"பாஸான பிள்ளை எதுக்கு எழுதணும்? எழுத விட மாட்டாக. ஃபெயிலானவுகளுக்குத்தான் செப்டம்பர்." பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டு, "முப்பத்தஞ்சை வச்சுக்கிட்டு எந்தக் காலேஜ்ல கணக்குக் குடுப்பாக?" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிறகு, "உனக்கு நூறுன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்" என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்தது, மஞ்சளும் சிவப்புமாக நல்ல வழவழப்பான தாள். என் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று ஆங்கில எழுத்தில் புள்ளி வைத்துப் போட்டிருந்தார்கள். போடிக்காரம்மா அதன் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'ஏலக்காய் வியாபாரம்' என்று இருந்தது. அவர் எஸ்.எஸ்.எல்.சி.யில் போனவர், அதுவும் கணக்கில், மறுபடி எழுதியும் போனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஃபெயிலாக நான் பட்ட பாடென்ன, அவருக்கு அது தானாகக் கைகூடிய லட்சணம் என்ன என்று நினைத்தால்தான் வயிறு எரியும்.

கல்யாண மேடைக்கு ராயப்பன்பட்டிக்காரி எவர்சில்வர் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் நின்று, போட்டோவுக்கு முந்தானையைச் சரி செய்துகொண்டே காதில் கிசுகிசுத்தாள்.

"கணக்குல நான் முப்பத்தி எட்டுடி. உன்னைவிட மூணு கூட! எங்க வீட்டுல நம்பவே மாட்டேங்குறாக."

கழுத்தில் மாலை கனத்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அவளிடம் சொன்னேன். எதற்காக எழுதினேன், எப்படிக் கூட்டினேன், எந்தக் கணக்கை விட்டேன், எல்லாவற்றையும் மேளச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கச்சி! முப்பத்தி நாலுல யாரையாச்சும் நிறுத்துவாகளாடி? அதைத்தான டவுட் கிளாஸ்ல நான் கேட்டேன்? ஒரு மார்க்குல ஒரு பிள்ளையோட வருசத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது, பேப்பரைத் திருப்பிப் பார்த்து எங்கனயாவது ஒண்ணைப் போட்டு விட்ருவாகன்னு டீச்சர் சொன்னாகளேடி!"

"எனக்குக் காதுல விழுகலையேடி."

"எப்படி விழுகும்? நீதான் அப்ப விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருந்தியே."

அதற்குள் போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றார். மேடையில் இருந்த எல்லாரும் என்னைச் சிரிக்கச் சொன்னார்கள்.

அந்தப் போட்டோ இன்னும் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் நான் சிரிக்கவில்லை.